வண்டியே வீடாக... கண்டாச்சிபுரத்துப் பாறைக் காட்டில் மூன்று நாள்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கண்டாச்சிபுரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். இறங்கியிருக்க மாட்டீர்கள். "அங்கே போய் என்னத்தைப் பார்க்கப் போறே? பாறையும் பனைமரமும்தானே!" என்று என் கணவரே கேட்டார். நாம் இம்மாதிரி இடங்களுக்குப் போகாததற்குக் காரணம் பார்க்க ஒன்றுமில்லை என்பதல்ல, சகோதரிகளே. ஒதுங்க இடமில்லை என்பதுதான். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, கிளம்புகிற அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தி விடுகிறோம். வீடு திரும்பிய பிறகு நீர்க்கடுப்பு, காய்ச்சல், டாக்டர் செலவு!

மெல்போர்னில் இருக்கும் என் சித்தி மகள் சொல்வாள். ஆஸ்திரேலியாவின் உள்நாடு முழுக்க வறண்ட பூமியாம். நல்லார்பார் சமவெளியில் சுமார் 146 கிலோமீட்டருக்கு வளைவே இல்லாத ஒரு சாலை. அதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் கூட கேரவன் வண்டியில் மாதக்கணக்கில் சுற்றுகிறார்களாம். படுக்கை, அடுப்பு, தண்ணீர், கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. நமக்குக் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பில் ஓய்வெடுக்கிற வண்டிதான் ஞாபகம் வரும். பக்கத்துக் கேரளத்தில் 2021-ல் அரசாங்கமே கேரவன் சுற்றுலா என்று தொடங்கியது.

என் தம்பி திண்டிவனத்தில் வாடகை வேன் ஓட்டுகிறான். பின்பக்க சீட்டுகளைக் கழற்றி விட்டு மெத்தை போட்டான். மூலையில் திரை கட்டி, உள்ளே கைக்கு அடக்கமான ஒரு கழிவறைப் பெட்டி. மேலே தண்ணீர், கீழே மூடி போட்ட 20 லிட்டர் தொட்டி. நிரம்பினால் கழற்றிக்கொண்டு போய், கழிவறை உள்ள இடத்தில் கொட்டிக் கழுவிக்கொள்ளலாம். நாற்றம் இல்லை. என் மாமியார் எட்டிப் பார்த்து விட்டு, "அந்தக் காலத்திலே கூண்டு வண்டி கட்டி, பானை சட்டியோட தீபத்துக்குப் போவோம். இது மட்டும்தான் அப்போ இல்லே" என்றார்.

மாமியார், நான், என் கணவர், ஓரகத்தி, அவளுடைய இரண்டு வயதுப் பையன், ஓட்டுவதற்குத் தம்பி. மாசிக் கடைசியில் செஞ்சி வழியாகக் கிளம்பினோம்.

முதலில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் அமைத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டிலேயே பெருமையடித்துக் கொண்டிருக்கிறான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கட்டியதல்ல, பாறையைக் குடைந்தது. வாசலில் இருபுறமும் நிற்கும் துவாரபாலகர்களைப் பார்த்துப் பையன் "தாத்தா" என்றான்!

அன்றிரவு கண்டாச்சிபுரத்தில் ஓரகத்திக்கு உறவினர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். காலையில் ராமநாதீஸ்வரர் கோயிலில் தரிசனம். பிறகு கீழ்வாலை. யாரோ விளையாட்டாக ஒன்றின் மேல் ஒன்றாக உருட்டி வைத்த மாதிரி பாறைகள். அவற்றில் காவிச் சிவப்பில் ஓவியங்கள். பறவை முகத்தோடு மனிதர்கள். ஒருவன் விலங்கின் மேல் உட்கார்ந்திருக்க, இன்னொருவன் அதைப் பிடித்து நடத்துகிறான். படகு ஒன்றும் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தியவை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். குழந்தைகளைத் தொட விடாதீர்கள். நம் கை எண்ணெயும் வியர்வையும் பட்டால் மங்கி விடும்.

வெயில் ஏறிவிட்டது. ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தி, அடுப்பைக் கீழே இறக்கி ரசம் வைத்தேன். (ஓடுகிற வண்டிக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. சிலிண்டர் வால்வையும் மூடிவிட வேண்டும்.) எதிர்க் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மல்லாட்டை ஆய்ந்து கொண்டிருந்தார்கள். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்பது அப்படித் தேய்ந்து விட்டது.

"இன்னாம்மா, வூட்டையே வண்டியில வெச்சிகினு வந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பாட்டி வந்தார். திரையைக் காட்டினேன். பாட்டி உள்ளே பார்த்தார். சிரிக்கவில்லை. திரும்பிப் போய் ஒரு சின்னப் பெண்ணை அழைத்து வந்தார். பச்சை உடம்புக்காரி, குழந்தை பிறந்து நான்கு மாதம். "இது காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலம்மா. சுத்திலும் ஆம்பிளைங்க. இருட்டினாதான் போவணும்."

பால் கொடுக்கிற தாய்! அந்த வெயிலில்! ஏற்றி விட்டேன். பிறகு ஒருவர் பின் ஒருவராக ஏழு பேர். "தொட்டி நிரம்பிடும்டி" என்றார் என் கணவர் மெதுவாக. "நிரம்பட்டுங்க, கொட்டிக்கலாம்" என்றேன். அந்தப் பெண் இறங்கி வந்ததும் இரண்டு சொம்பு தண்ணீர் வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள்.

அதனால்தான் தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்கிறேன். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். நாங்கள் 20 லிட்டர் கேன் நான்கு எடுத்துப் போனோம். மதியத்துக்குத் தயிர்சாதம் என்றால் பாலை நிறைய விட்டுப் பிசைந்து, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேருங்கள். புளிக்காது.

மூன்றாம் நாள் அரகண்டநல்லூர். தென்பெண்ணைக் கரையில் பாறை மேல் கோயில். எதிர்க்கரை திருக்கோவிலூர். ஆறு மணலாகக் கிடந்தது. பாரி மகளிரை மணம் முடித்துக் கொடுத்த பின் கபிலர் உயிர் நீத்த இடம் என்று சொல்லும் கபிலர் குன்று அக்கரையோரம் ஆற்றுக்குள் நிற்கிறது. ரமண மகரிஷி 1896-ல், பதினாறு வயதில், கையில் காசு போதாமல் மாம்பழப்பட்டோடு ரயிலை விட்டு இறங்கி, பத்து மைல் நடந்து வந்து சேர்ந்தது இந்தக் கோயிலுக்குத்தான். மறுநாள் கடுக்கனை அடகு வைத்துத் திருவண்ணாமலை போனார்.

சம்பந்தர் இங்கிருந்தே அண்ணாமலையைக் கண்டு பாடினார் என்பது ஐதீகம். மாமியாருக்கு முட்டிவலி. ஆனாலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி விட்டார். வடமேற்கே நீலமாக ஒரு முக்கோணம். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொல்லைப் பெண்கள் மடி நிறையக் கொடுத்தனுப்பிய பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு வேகவைத்து எடுத்துப் போயிருந்தேன். பாறையிலேயே உட்கார்ந்து உரித்துத் தின்றோம். மாமியார் தண்ணீர் கேட்டார். சொம்பு நிறையக் கொடுத்தேன்.