முதல் பேர்

எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை காலை ஐந்தரைக்கு. 2017 நவம்பர் 26 அன்று அந்தப் பூசையின் கடைசியில், நற்கருணை வாங்கியவர்கள் எல்லாம் இடத்துக்குத் திரும்பிய பிறகு, நான் மேடையேறி ஒரு தாளை வாசித்தேன். கோயில் வரி பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல். மொத்தம் நாற்பத்தொரு பேர். பேர், அன்பியம், தொகை.

குமரி மாவட்டத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் வளராதவர்களுக்கு வரி என்றால் என்னவென்று சொல்லவேண்டும். குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று ஊர் கூடித் தீர்மானிக்கும். எங்கள் பங்கில் அப்போது இருநூறு ரூபாய். கோயில்பிள்ளைக்குச் சம்பளம், கரண்ட் பில், வெள்ளையடிப்பு, திருவிழா எல்லாம் அதிலிருந்துதான். பாக்கி இருந்தால் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும்போது பேச்சு வரும். அதனால் பெண்பிள்ளை இருக்கும் வீடுகள் எப்படியாவது கட்டிவிடுவார்கள். முடியாதவர்கள் பொருளாளர் எதிரே வந்தால் வேறு சந்து வழியாகப் போவார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். பொருளாளருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் கணக்கு என் கைக்கு வந்தது. முன்பெல்லாம் பாக்கிப் பட்டியலை அன்பியம் வாரியாக, தொகை சொல்லாமல், பாதிப் பேருக்குக் கேட்காத வேகத்தில் வாசிப்பார்கள். நான் அதை எக்செலில் ஏற்றினேன். ஏற்றியதோடு நிற்காமல், தொகை கூடுதலானது மேலே வருகிறமாதிரி அடுக்கினேன். இரண்டு க்ளிக் வேலை. பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதை வாசித்தபோது எனக்குக் கோபமோ யார்மீதும் வெறுப்போ இல்லை, ஒரு நல்ல வேலையைச் செய்துமுடித்த திருப்திதான் இருந்தது.

முதல் பேர் ஒரு மாமியுடையது. மூன்று வருட பாக்கி, ஏழாயிரத்து இருநூறு. மாமா இறந்ததும் ஏறக்குறைய மூன்று வருடம் முன்புதான். மாமியின் பேரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை மைக்கில் சொன்னது போதும்.

அன்று கிறிஸ்து அரசர் பெருவிழா, வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு. அந்த வருடத்துக்கான நற்செய்தி மத்தேயு 25. பசியாயிருந்தவனுக்கு உணவு கொடுத்தாயா, ஆடையில்லாதவனை உடுத்தினாயா என்று அரசர் கேட்டு, ஆடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கிற பகுதி. அது வாசிக்கப்பட்டு அரைமணி நேரத்துக்குள் நான் என் பட்டியலை வாசித்திருக்கிறேன். இரண்டையும் ஒரே கூட்டம்தான் கேட்டது. இதெல்லாம் எனக்கு உறைக்கப் பல நாள் ஆயிற்று. அன்றைக்கு உறைத்தது அப்பாவின் ஒரு வாக்கியம் மட்டும்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

“வாசிக்கதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லே.”

அப்பா வின்சென்ட் தே பவுல் சபையில் இருந்தவர். அந்தச் சபையை 1833இல் பாரிஸில் சில மாணவர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். அவர்களில் முக்கியமானவரான ஃபிரடெரிக் ஓசானாமுக்கு அப்போது இருபது வயது. சபைக்காரர்கள் வாரந்தோறும் கூடும்போது ஒரு பை கைமாறும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார்கள், போட்டார்களா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. இல்லாதவனும் கையை விட்டு எடுக்கலாம். சின்ன வயதில் எனக்கு அந்தப் பை வேடிக்கையாக இருந்தது, கணக்கு எப்படிச் சரிவரும் என்று கேட்டிருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் அப்பா யார் வீட்டுக்கெல்லாம் போய்வருகிறார் என்பது அம்மாவுக்கே தெரியாது.

நான்காம் நாள் ஒக்கி வந்தது.

நவம்பர் 30 வியாழக்கிழமை. காலையிலிருந்து அடித்த காற்றில் எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. ரோடு மறைந்துபோனது. கரண்ட் போய்ப் பல நாள் வரவில்லை. நாங்கள் மரத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். கடற்கரை ஊர்களில் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி. ஆழ்கடலுக்குப் போனவர்கள் எங்கே என்று சொல்ல ஆளில்லை. டிசம்பர் 7 அன்று மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், தேடுங்கள் என்று கேட்பதற்காக. தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவேயில்லை.

டிசம்பர் 3 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆகமன காலம் என்று பெரியவர்கள் சொல்வது. சாதாரணமாக இந்த நாலு வாரத்தை நாங்கள் கடத்துகிற விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஸ்டார் கட்டுவது, குடிலுக்கு வைக்கோல் தேடுவது, கேரல் பாட்டுக்கு டிரம் அடிக்கப் பழகுவது. பீடத்தில் மட்டும் ஊதா உடை, வளையத்தில் வாரம் ஒரு மெழுகுதிரி. ஊதா எதற்கு என்று மறைக்கல்வியில் சொல்லித்தந்திருந்தார்கள். தவக்காலத்துக்கும் அதே நிறம், இதுவும் மனம் திரும்புகிற காலம் என்று. ஆனால் தவக்காலத்தில் மீன் இறைச்சி ஒழிப்போம், சிலுவைப்பாதை நடப்போம். திருவருகைக் காலத்தில் கேக்குக்குச் சொல்லிவைப்போம். ஆறாம் நூற்றாண்டில் கால் நாட்டு ஆயர்கள் புனித மார்ட்டின் திருநாள் தொடங்கி கிறிஸ்து பிறப்பு வரை வாரம் மூன்று நாள் நோன்பிருக்கச் சொன்னார்கள் என்று பின்னால் படித்தபோது, அவர்களும் ஏதோ பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது.

அந்த ஞாயிறு கோயிலில் மைக் இல்லை, லைட் இல்லை. வளையத்தில் ஒற்றை மெழுகுதிரி. விழிப்பாயிருங்கள், வீட்டுத்தலைவர் எந்த நேரத்தில் வருவார் என்று தெரியாது என்கிற மாற்குவின் பகுதியை ஃபாதர் தொண்டையால் வாசித்தார். கடற்கரையில் எத்தனை வீடுகளில் அந்த நேரம் அப்படித்தான் விழித்திருந்தார்கள் என்று நினைத்ததும் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பூசை முடிந்ததும் கடற்கரை ஊர்களுக்காக அரிசி, துணி, போர்வை கேட்டார்கள். வருவதைக் குறித்துக்கொள்ளக் கோயில் வாசலில் மேசை போட்டு என்னை உட்காரவைத்தார்கள். நான்தானே கணக்கு.

அந்த மாமி பூசைக்கு உள்ளே வரவில்லை. மாதா கெபி பக்கத்தில் நின்று கண்டுவிட்டு, கூட்டம் குறைந்தபிறகு வந்தார். அரைச்சாக்கு அரிசி. பிடியரிசி. ஒவ்வொரு நேரமும் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போட்டுவைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அரைச்சாக்கு சேர எத்தனை மாதம் ஆகும் என்று நான் மனதுக்குள் வகுத்துப்பார்த்தேன், அந்த நேரத்திலும். பேனாவை எடுத்ததும் மாமி சொன்னார்:

“பேரு எழுதாண்டாம் மக்கா. ஒருக்க வாசிச்சாச்சுல்லா.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தராசில் போடுமுன் சாக்கின் கட்டைச் சரிபார்க்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. 2018 டிசம்பர் 16, திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறு. அங்கே ஒரு கோயிலில் லூக்கா 3 வாசித்தார்கள். திருமுழுக்கு யோவானிடம் வந்தவர்கள், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். யோவான் எவ்வளவு பெரிய பேச்சுக்காரர்! சற்று முன்புதான் விரியன்பாம்புக் குட்டிகளே என்று திட்டியவர். ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் சொல்கிற பதிலில் நெருப்பே இல்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. சாப்பாட்டையும் அப்படியே செய். அடுத்து வரிதண்டுவோர் வந்து கேட்கிறார்கள். வேலையை விட்டுவிடு என்றுகூட அவர்களிடம் சொல்லவில்லை, குறித்ததற்குமேல் வாங்காதே என்கிறார். அவ்வளவுதான். நான் குறித்ததற்குமேல் ஒரு ரூபாய் கேட்கவில்லையே என்று முதலில் நிம்மதியாக இருந்தது. பிரசங்கம் முடிவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. ஏழாயிரத்து இருநூறு கேட்கத்தான் எனக்கு உரிமை. ஒரு பெண்ணின் முகத்தை ஊர் நடுவில் வைத்து வாங்கியது அந்தத் தொகைக்குமேல்.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வழக்கமான பாவங்களுக்கு நடுவில் இதையும் செருகி வேகமாகச் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் அதைமட்டும் பிடித்துக்கொண்டார்.

“அவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?”

“இல்ல ஃபாதர்.”

“கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவீங்கல்ல? ஜெபம் ஒண்ணும் வேண்டாம். போய் அவங்களைப் பாருங்க.”

பாவசங்கீர்த்தனத்தின் முடிவில் கொடுக்கிற பரிகாரத்தைப் பழைய ஞானோபதேசத்தில் அபராதம் என்பார்கள். அருள் நிறைந்த மரியே பத்துத் தரம் என்றால் ஐந்து நிமிடத்தில் அபராதம் தீர்ந்துவிடும். இது தீரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய் மாமியின் தெருமுனைவரை நடந்தேன். அவர் மகள் குழாயடியில் நின்றிருந்தாள். திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து நானாகவே ஒரு முழு ஜெபமாலை சொன்னேன். அதாவது, கொடுத்த அபராதத்தை எனக்கு வசதியானதாக மாற்றி எழுதிக்கொண்டேன். கணக்கு எழுதத் தெரிந்தவனுக்கு இது கஷ்டமில்லை.

சக்கேயு எனக்கு எப்போதும் கொஞ்சம் பொறாமையான ஆள். ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்ல முடிந்தது அவனால். பணம் என்றால் மடங்கு போடலாம்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும். 2021 டிசம்பர் 12. கொரோனாவால் வீட்டிலிருந்தே வேலை என்று ஊரில் இருந்தேன். அதே மூன்றாம் ஞாயிறு, அதே லூக்கா, அதே வரிதண்டுவோர் வரிசையில் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். இதற்குள் எங்கள் பங்கிலும் சில மாறியிருந்தன. பட்டியல் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். மாமி 2019இலேயே பாக்கி முழுவதையும் கட்டிவிட்டதாக அம்மா சொன்னாள். பூசை முடிந்து நேராகப் போனேன். வீட்டுக்குப் போனால் மறுபடி மாற்றி எழுதிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

மாமி அடுக்களைப் புறத்தில் முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஆர்டர் எடுத்துச் செய்துகொடுக்கிறாராம். வறுத்துப் பொடித்த சிறுபயறு ஒரு பெரிய தாம்பாளத்தில் குவிந்திருந்தது.

“வா மக்கா. ஒனக்க அம்மைக்கு சொகமா? கையக் கழுவிட்டு இரி. பாகு ஆறிச்சின்னா உருளாது.”

எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. நான் உட்கார்ந்து உருட்டினேன். உள்ளங்கை சுட்டது. ஏழெட்டு உருட்டியபிறகுதான் பேச்சு வந்தது. அன்றைக்கு அப்படி வாசித்தது தப்பு, மன்னிச்சிருங்க மாமி என்றேன்.

“காசு குடுக்கணும்லா. வாசிச்சது சரிதான்.” அவர் கை நிற்கவில்லை. “பிள்ள பக்கத்துல நின்னா. அதுதான்.”

கொஞ்சநேரம் கழித்து அவரே கேட்டார். “எனக்கப் பேர மொதல்ல வாசிக்கணும்னு யாருலே சொன்னா?”

எனக்குப் புரியவில்லை.

“சொல்லு, இனி என்ன. அவதானே?” என்று ஒரு அக்காவின் பேரைச் சொன்னார். அன்பியத்தின் பொறுப்பில் இருந்தவர். இருவரும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாகப் பூசைக்கு வருகிறவர்கள், மாமா இறந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் அந்த அக்காதான். அந்த நவம்பரில் அன்பியக் கூட்டத்தில் இருவருக்கும் ஏதோ ஒரு வாய்த்தகராறு நடந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு பட்டியலில் நாற்பத்தொரு பேரில் தன் பேர் முதலில் வந்ததும், சொல்லிச் செய்திருக்கிறாள் என்று மாமி முடிவுகட்டிவிட்டார்.

“யாரும் சொல்லல மாமி. கம்ப்யூட்டர்ல கூடுன தொகை மேல வர்ற மாதிரி நான்தான் மாத்தினேன். உங்க பேரு தானா மேல வந்துச்சு.”

“தானாவா?”

“ஆமா. நான்தான் பண்ணினேன். யாருக்கும் தெரியாது.”

மாமி கையிலிருந்த உருண்டையைத் தாம்பாளத்தின் ஓரத்தில் வைத்தார். நாலு வருடம். கெபிப் பக்கம் நின்றது, ஓலை வாசிப்பு, ஒரு கல்யாணம், இரண்டு அடக்கம், கொரோனா. அந்த நாலு வருடத்தில் ஒருநாள்கூட அவளிடம் பேசியதில்லை என்று சொன்னார். அவள் வாசலில் வந்து நின்றபோது கதவைச் சாத்தியதாகவும் சொன்னார். என்னிடம் சொன்னமாதிரி இல்லை, கூட்டிப்பார்க்கிறமாதிரி இருந்தது.

பிறகு எழுந்தார். முந்தின நாள் பொரித்த கொத்துகள் சருவத்தில் இருந்தன. ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய எண்ணாமல் அள்ளிப் போட்டு மூடினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இரி மக்கா. நீ உருட்டிட்டு இரி. நான் அவ வீடுவரைக்கும் போயிட்டு வாறேன்.”

படலைச் சாத்தும் சத்தம் கேட்டது. தாம்பாளத்தில் பாதிக்குமேல் மாவு மீதி இருந்தது, ஆறத் தொடங்கியிருந்தது. நான் வேகமாக உருட்டினேன். என் உருண்டைகள் ஒன்றும் ஒரே அளவில் வரவில்லை. மாமி திரும்பிவர ஒருமணி நேரத்துக்குமேல் ஆயிற்று.