திருவக்கரைக் கல் மரங்கள்

2024 டிசம்பர் முதல் தேதிக் காலையோடு முடிந்த ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை! ஃபெஞ்சல் புயலின் கைங்கரியம் அது. விழுப்புரத்தில் எங்கள் தம்பி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அது முதல், வானம் கறுத்தால் அவன் மகள் கட்டிலை விட்டு இறங்க மாட்டாள். அந்த இரவைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை.

கோடை விடுமுறையில் அவளையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டோம். திண்டிவனம் வரை ரயில். அப்புறம் மயிலம் வழியாகப் பிரயாணம்.

திருவக்கரையின் செம்மண் மேட்டில் மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. தொட்டால் கல்! பிரெஞ்சுக்காரரான சோனரா 1781-லேயே இவற்றைக் குறித்திருக்கிறார். வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். மணலில் புதைந்த மரத்தில் சிலிக்கா ஊறி, நாருக்கு நார் இடம் பிடித்துக்கொண்டது. வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் விளங்காத பாடம், இங்கே விரல் பட்டதும் விளங்கிவிடுகிறது. வேரில்லை, கிளையில்லை, பட்டையுமில்லை. ஆதலால் இவை வேறெங்கோ வளர்ந்தவை, வெள்ளம் உருட்டி வந்து சேர்த்தவை என்பது பூகர்ப்ப சாஸ்திரிகளின் முடிவு.

"இதையும் வெள்ளந்தான் அடித்துக்கொண்டு வந்ததா, பெரியப்பா?"

"ஆமாம், அம்மா" என்றோம்.

கல்லிலுள்ள வளையங்களை எண்ணிக்கொண்டே, தன் புத்தகப் பை மிதந்து போன கதையைச் சொல்லத் தொடங்கினாள் குழந்தை. திண்டிவனம் ஸ்டேஷன் வரையில் நிறுத்தவே இல்லை.