எட்டு வீட்டு மொட்டை மாடியும் ஊர்க் கொல்லையும்

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம். அதில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார், வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அந்த அம்மா. ஊரில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். நெல்லும் மல்லாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வந்தார்கள். கணவர் இறந்த பிறகு, 2019-ல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனிடம் வந்துவிட்டார். மகனுக்கு எஸ்டேட்டில் லேத் வேலை.

வந்த முதல் வாரம், பொழுது போகட்டும் என்று மகன் அவரை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். கரையைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏரி இருக்கு, சரி. இதுக்கு ஆயக்கட்டு எங்கடா?"

அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகள் எல்லாம் ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கொடுத்தவை. 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்காக மனைகள் வந்தன. மகன் வீடுகளைக் கைகாட்டி, "இதுதாம்மா ஆயக்கட்டு" என்றார். அந்த அம்மா பதில் எதுவும் சொல்லவில்லை.

சந்தை வந்தது, காய் வரவில்லை

2020 மே 5-ம் தேதி, கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அடுத்த வாரமே பூந்தமல்லியை அடுத்த திருமழிசையில் தற்காலிகக் காய்கறிச் சந்தை திறந்தார்கள். சந்தை மேற்குப் பக்கமாக நகர்ந்து வந்ததே தவிர, அது மொத்த வியாபாரத்துக்கு மட்டும். தெருவுக்கு வரும் தள்ளுவண்டி சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. ரேஷன் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. ஒரு கைப்பிடி கீரை இல்லை.

காலி பெயிண்ட் வாளிகள் ஆறு, அரிசிச் சாக்குகள் நான்கு. எதிரே இருந்த காலி மனையிலிருந்து மண்ணை அள்ளி, பேரனும் அவருமாக மொட்டை மாடிக்குச் சுமந்தார்கள். வெண்டை, கொத்தவரை, சிறுகீரை விதைத்தார்கள். முளைத்ததெல்லாம் நன்றாகத்தான் முளைத்தது. ஆனால், அது களிமண். வெயிலில் கட்டாந்தரையாக இறுகியது, தண்ணீர் ஊற்றினால் சேறானது. கீரை மட்டும் ஓரளவு தேறியது.

ஐப்பசி மழை வந்தபோதுதான் பெரிய சிக்கல். மேல்வீட்டு கூரையில் ஓதம் இறங்கியது. அந்த வீட்டுப் பெண் எல்லோரையும் கூட்டிவிட்டார். "இரண்டு நாளில் அத்தனையும் எடுத்தாக வேண்டும்" என்று முடிவானது. மகனுக்குத் தலைகுனிவு. "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? பேசாம டி.வி. பார்த்துட்டு இருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டார். அன்றிரவு அந்த அம்மா ஊருக்குப் போகப் பையை எடுத்து வைத்துவிட்டார்.

ஆனால், விடிந்ததும் போன இடம் பேருந்து நிலையமல்ல, மாடி. மழைநீர் இறங்கும் குழாய் வாயில் ஒரு சாக்கு மண் கரைந்து அடைத்துக் கிடந்தது. தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டார். நேராக மேல்வீட்டுக்குப் போய், "ஏம்மா, தப்பு என்னுதுதான். நிலத்துல தண்ணி சேர்ந்தா மடையைத் திறந்து விடுவோம். இங்க மடையை நானே அடைச்சு வெச்சிருக்கேன்" என்றார்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தை வரைக்கும் பார்ப்போம்மா. மறுபடி ஒழுகினா எடுத்துடணும்" என்றார்.

மண்ணைக் குறைத்ததும் செடி வந்தது

20 லிட்டர் வாளி நிறைய ஈரமண் இருந்தால் எடை 30 கிலோவைத் தாண்டும். அந்தச் சுமை தளத்துக்கும் ஆகாது, தூக்கும் இடுப்புக்கும் ஆகாது. மழை விட்டதும் எல்லாவற்றையும் மாற்றினார். தேங்காய் நார்த்தூள் கட்டிகளை ஊறவைத்து, உப்பு போக மூன்று முறை அலசிப் பிழிந்தார். நார்த்தூள் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு. வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. எடை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

வாளிகளின் அடியில் துளை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்தார். தளத்தின் நடுவில் எதையும் வைக்கவில்லை. சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் மட்டும் வைத்தார். குழாய் வாயைச் சுற்றி மூன்றடிக்கு எந்தப் பையும் கிடையாது, அதன் மேல் ஒரு கம்பி வலை. புறாக்கள் முளையைக் கொத்தாமலிருக்கப் பழைய கொசுவலை. மாவுப்பூச்சி வந்தபோது லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தார்.

மாடி எட்டு வீட்டுக்கும் பொது. அதனால் சண்டையும் வந்தது. முதல் கத்தரிக்காயை யாரோ பறித்துப் போனபோது பேரன் அழுதான். அந்த அம்மா ஒரே ஒரு விதி வைத்தார். "யார் வேணா பறிச்சுக்கலாம். பறிக்கறவங்க அன்னிக்கு எல்லாச் செடிக்கும் தண்ணி ஊத்திட்டுப் போகணும்." இரண்டு வீட்டார் கடைசி வரை தண்ணீர் ஊற்றாமலே பறித்தார்கள். மற்ற வீட்டார் பழகிக்கொண்டார்கள். காய்கறித் தோலும் காய்ந்த இலையும் ஒரு டிரம்மில் சேர்ந்து எருவானது.

2021 டிசம்பரில் தமிழக அரசு, முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பை, நார்த்தூள் கட்டி, விதை, உயிர் உரம், வேப்ப எண்ணெய் அடங்கிய தொகுப்பு தோட்டக்கலைத் துறை மூலம் மானிய விலைக்குக் கிடைத்தது. மேல்வீட்டுப் பெண் ஒன்று வாங்கி வந்து, "எனக்கும் ஒரு ஓரம் கொடுங்கம்மா" என்றார்.

கணக்கும் எழுதி வைத்திருந்தார். பை, நார்த்தூள், விதை, வலை எல்லாம் சேர்த்து முதல் ஆறு மாதச் செலவு 4,300 ரூபாய். பறித்த காய்க்குச் சந்தை விலை போட்டால் 2,600. "ஆள் கூலியைச் சேர்க்காமலே நட்டம். இதை வெச்சு எந்த விவசாயியும் பொழைக்க முடியாது" என்று சிரிப்பார். இரண்டாம் ஆண்டு பை வாங்கும் செலவு இல்லை. கீரையும் மிளகாயும் கடையில் வாங்குவது நின்றது. வெங்காயம், உருளை, அரிசி எல்லாம் வழக்கம்போலக் கடையிலிருந்துதான்.

ஒருநாள் மேல்வீட்டுப் பெண் சொன்னார். "25 நாள் தண்ணி ஊத்தி ரெண்டு கட்டுக் கீரை. இதைத்தான் வண்டிக்காரர்கிட்ட ரெண்டு ரூபா குறைச்சுக் கேட்டேன்."

"குறைச்சுக் கேக்கறது தப்பில்லம்மா, நானும் கேப்பேன். எவ்வளவு பாடுன்னு தெரிஞ்சு கேக்கணும், அவ்வளவுதான்."

ஊரில் கண்ட காட்சி

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனார். குத்தகைக்காரரின் மனைவி வந்தவாசியிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறையத் தக்காளி, கத்தரி, பச்சை மிளகாய், அவரை. அந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது. 35 வருடம் அவரும் அப்படித்தான் வாங்கியிருக்கிறார். ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு, மிளகாய்க்குப் பேருந்து ஏறியிருக்கிறார்.

காரணம் இல்லாமல் இல்லை. வயல் தூரம், காய்கறியைத் தினமும் பார்க்க வேண்டும். வீட்டுப் பக்கம் வைத்தால் ஆடு விடாது. ஆனால், கொல்லையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் தெருவுக்கு ஓடிக் கொசு வளர்த்துக்கொண்டிருந்தது. மாடியில் ஒரு வாளித் தண்ணீரை அளந்து ஊற்றிய கண்ணுக்கு அது இப்போதுதான் பட்டது.

பத்து நாள் தங்கினார். கழுவுநீர் ஓடும் வாய்க்காலில் இரண்டு வாழைக்கன்று, சேப்பங்கிழங்கு வைத்தார். சோப்புத் தண்ணீர் என்பதால் அங்கே கீரை போடவில்லை. ஓர் ஓரத்தில் முருங்கைப் போத்து. முள் வேலி கட்டி, அதையொட்டி அவரைக்குச் சின்னப் பந்தல். மாடியில் எடுத்து வந்த கத்தரி விதையும் மிளகாய் விதையும் நாற்றுவிட்டார். இடம் மொத்தமே இரண்டு சென்ட் இருக்காது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் பறித்துக்கொள்ளும் உரிமையும் குத்தகைக்காரரின் மனைவிக்கு.

சில மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "ஆயா, அவரை காய்ச்சுத் தள்ளுது. வந்து எடுத்துட்டுப் போ."

போனார். அவர் இல்லாத நான்கு நாளும் மாடிச் செடிகளுக்கு மேல்வீட்டுப் பெண் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்த அன்று, ஊர் அவரைக்காயை எட்டுப் பங்காகப் பிரித்து எட்டு வீட்டுக்கும் கொடுத்தார். தண்ணீர் ஊற்றாத அந்த இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான்.