விறகு பார்த்துப் போடு மச்சி!

பன்றிக்கறின்னு சொன்னதுமே முகம் சுளிக்கிற பார்ட்டியா நீங்க? நோ ப்ராப்ளம், அடுத்த பக்கத்துக்கு எஸ்கேப் ஆயிடுங்க. 'அப்புறம்?'னு நாக்கைச் சப்புக்கொட்டுற மக்கள் மட்டும் என்கூட வாங்க. நாகாலாந்து வரைக்கும் ஒரு ரவுண்ட் போயிட்டு வருவோம்!

வீட்டுலயே ஸ்மோக்டு போர்க் செஞ்சு பார்க்கணும்னு ஆசைப்படுற எல்லாரும் முதல்ல தேடுறது மசாலாவைத்தான். ஆனா, இந்த அயிட்டத்துல மசாலாவே விறகுதான். எந்த மரத்தை எரிக்கிறோமோ, அதுதான் வாசனை, நிறம், ருசி எல்லாம். தப்பான மரத்தைப் போட்டா ருசி மட்டும் இல்லை, உடம்பும் சேர்ந்து கெடும். அதனால, தலைமுறை தலைமுறையா இதைத் தினமும் செய்றவங்ககிட்டயே கேட்டுடலாம்னு, கோஹிமா பக்கத்துலேருந்து வந்து நம்ம காலேஜ்ல படிக்கிற ரூம்மேட்டைப் பிடிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

நீங்களும் போறதா இருந்தா, முதல்ல இன்னர் லைன் பெர்மிட் வாங்கிடுங்க. வெளி மாநிலத்துக்காரங்க அது இல்லாம நாகாலாந்துக்குள்ள போக முடியாது. ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம். திமாப்பூர் வரைக்கும் ரயில். அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறினா கோஹிமா. 1944-ல ஜப்பான் படையை பிரிட்டிஷ் இந்தியப் படை தடுத்து நிறுத்தின ஊர். அந்தப் போர்ல இறந்தவங்களோட கல்லறைகள் ஊர் நடுவுலயே வரிசை வரிசையா இருக்கு. டிசம்பர் 1 முதல் 10 வரை பக்கத்துல கிசாமாவுல ஹார்ன்பில் திருவிழா களைகட்டும். கூட்டம் பிடிக்கும்னா அப்போ போங்க. எங்களுக்குத் தேவை அடுப்படிதானே... அதனால கோஹிமாவிலேருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கொனோமாவுக்கு வண்டியை விட்டோம்.

வெயிலுக்குப் பதில் புகை

கொனோமா, அங்காமி நாகர்களோட ஊர். 1879-80ல பிரிட்டிஷ் படையையே மாசக்கணக்குல திணறடிச்ச கோட்டைக் கிராமம். மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு படிக்கட்டா நெல் வயல். ஊருக்குள்ள போனா கல் பதிச்ச சந்து, கதவோரம் அடுக்கி வெச்ச விறகு. அந்த விறகு அடுக்கைத்தான் நாம பார்க்கணும் பாஸ்!

ரூம்மேட் வீட்டு சமையலறைக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல கண் எரிஞ்சது. அடுத்த நிமிஷம் வாயில எச்சில் ஊறிடுச்சு. நடுவுல அடுப்பு. அதுக்கு மேல தொங்குற மாதிரி மூங்கில் பரண். அதுல கறி, மீன், மிளகாய் எல்லாம் புகையில கறுத்துப்போய் காயுது. கறியைத் துண்டு போட்டு மேல ஏத்திட்டா, கீழே நடக்கிற அன்றாடச் சமையலே அதைப் பதப்படுத்திடும். தனியா அடுப்பு இல்லை, தனியா செலவும் இல்லை.

நம்ம ஊர் உப்புக்கண்டம் ஞாபகம் வருதா? நமக்கு வெயில் இருக்கு, உப்பு தடவி மொட்டை மாடியில காயப்போட்டோம். அங்கே மழையும் மேகமும்தான் அதிகம், அதனால புகையில காயவெச்சாங்க. கறி கெடக் கூடாதுங்கிற ஒரே கவலைக்கு ஊருக்கு ஒரு வழி!

"என்ன விறகு ஆன்ட்டி?"ன்னு கேட்டேன். ரூம்மேட் மொழிபெயர்த்தான். "ஆல்டர், ஓக். பைன் கட்டையை அடுப்பு பத்தவைக்க மட்டும்தான் தொடுவோம். அதுல கறியைக் காட்டினா கறி முழுக்கப் பிசின் நாத்தம்."

ஒரே வரியில பாதி பாடத்தை முடிச்சுட்டாங்க! மீதிப் பாதியை நாம கெமிஸ்ட்ரியில பார்த்துடலாம். மரத்துல லிக்னின்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. சூட்டுல அது உடையும்போது குவாயகால், சிரிங்கால்னு வாசனைப் பொருட்கள் வெளியே வரும். ஸ்மோக்டு கறியோட மணம் பெரும்பாலும் இந்த ரெண்டு பேரோட கைவண்ணம்தான். ஓக், ஆல்டர் மாதிரி அகன்ற இலை மரங்கள்ல ரெண்டும் கிடைக்கும். பைன் மாதிரி ஊசியிலை மரத்துல சிரிங்கால் ரொம்பக் கம்மி. அதோட பிசின் எரிஞ்சு கரும்புகையும் கசப்பும் வந்து சேரும். ஆன்ட்டி லேபுக்குப் போகாமலே கண்டுபிடிச்ச ரிசல்ட் இது.

வெட்டினாலும் சாகாத மரம்

மறுநாள் காட்டு வயலுக்குப் போனோம். அங்கே ஆல்டர் மரங்களைப் பார்த்தா சிரிப்பா வரும். எல்லாம் மொட்டை அடிச்ச மாதிரி ஒரே உயரத்துல நிக்குது! அடியோட வெட்டாம, தரையிலேருந்து சுமார் 2 மீட்டர் உயரத்துல மேல்பாகத்தை மட்டும் வெட்டுறாங்க. வெட்டின இடத்துல புதுக்கிளைகள் கிளம்பும். சில வருஷத்துல மறுபடியும் விறகு ரெடி. ஆல்டர் வேர்ல ஃபிராங்கியாங்கிற நுண்ணுயிர் குடியிருந்து, காத்துல இருக்கிற நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டு வருது. அதனால மரத்துக்கு நடுவுல இருக்கிற பயிருக்கும் இலவச உரம். தாத்தா வெட்டின அதே மரத்துலதான் பேரனும் வெட்டுறான்.

இதே ஊர் 1998-ல வேட்டைக்குத் தடை போட்டு, சுமார் 20 சதுர கிலோமீட்டர் காட்டை டிராகோபன் பறவைக்கான சரணாலயமா மாத்தினது. வேட்டை ரத்தத்துலயே ஊறின சமூகம் தனக்குத் தானே போட்டுக்கிட்ட தடை அது. தினமும் மூணு வேளை விறகு எரிக்கிற ஊரைச் சுத்தி இன்னமும் காடு நிக்குதுன்னா, எந்த மரத்தை, எந்த உயரத்துல, எப்போ வெட்டணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. விறகு தேர்வு செய்றதுல இதுவும் ஒரு பாதி மக்களே!

ஓகே, நம்ம வீட்டுக்கு என்ன மரம்?

ஆல்டரையும் ஓக்கையும் பார்சல் போட்டு வர முடியாது. கவலை வேண்டாம், நம்ம ஊர்லயே ஆள் இருக்கு.

கொய்யா: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான். மிதமான, லேசா இனிப்பான புகை. ஹவாய் தீவுல கறிக்குப் புகை போட கொய்யா கட்டையைத்தான் தேடுறாங்க. ஆயக்குடி மாதிரி கொய்யா விளையுற ஊர்கள்ல கவாத்து பண்ணும்போது கிளைகள் குவியும். மரமும் சாகாது, விறகும் கிடைக்கும். கொனோமா ஃபார்முலா! சமீபத்துல பூச்சிமருந்து அடிச்சாங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க.

சீமைக்கருவேலம்: 'அட, இதுவா?'ன்னு கேட்காதீங்க. டெக்ஸாஸ்ல கொண்டாடுற மெஸ்கீட் மரம் இதுக்கு நெருங்கின சொந்தம். ராமநாதபுரம் பக்கம் கரியாக்கி மூட்டை மூட்டையா விக்கிறதும் இதைத்தான். ஆனா, விறகாப் போட்டா புகை ரொம்ப முரட்டுத்தனமா இருக்கும், மணிக்கணக்கா காட்டினா கறி கசந்துடும். அதனால சூட்டுக்கு கருவேலங்கரி, வாசனைக்கு கொய்யாக் கட்டைன்னு கூட்டணி போடுங்க. ஊரை ஆக்கிரமிச்ச மரத்தை எரிச்ச புண்ணியமும் உண்டு!

பக்கத்துலயே போகக் கூடாத லிஸ்ட்டும் இருக்கு. அரளி விஷம். பிச்சாவரம் பக்கம் வளர்ற தில்லை மரத்தோட பாலும் புகையும் கண்ணைப் பதம் பார்க்கும். சேங்கொட்டை மரமும் முந்திரிக்கொட்டை ஓடும் தோலைக் கொப்புளமாக்கற எண்ணெய் உள்ளது. பிளைவுட்ல பசை, பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டையில தார் எண்ணெய், பெயின்ட் அடிச்ச கதவுல என்னென்னவோ. காலேஜ் லேபுக்கு மெஷின் வந்த பேக்கிங் பெட்டியைக் குறிவெச்சிருக்கீங்களா? அதுல முத்திரையைப் பாருங்க. 'எம்.பி'ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு அடிச்ச மரம். எந்த மரம்னு தெரியாத கட்டை எதுவுமே வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்தது ஈரம். பச்சை விறகு போட்டா, சூட்டுல ஒரு பங்கு தண்ணியை ஆவியாக்கவே போயிடும். அரைகுறையா எரிஞ்சு, திரண்டு திரண்டு வெள்ளைப் புகை வரும். அது கறியில கசப்பா படியும். ஆறு மாசத்துக்கு மேல நிழல்ல காஞ்ச கட்டையா எடுங்க. டெஸ்ட் ஈஸி: வெட்டு முகத்துல விரிசல் இருக்கணும், ரெண்டு கட்டையைத் தட்டினா 'டங்'னு கேட்கணும். 'தப்'புன்னா வெயிட் பண்ணுங்க. கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் மெல்லிசா நீலமா ஒரு புகை வரும் பாருங்க... அதான் நமக்கு வேணும்.

செய்முறை சிம்பிள். மூடி இருக்கிற கரி அடுப்புல கரியை ஒரு ஓரமா ஒதுக்கி, உப்பு தடவின வெண்பன்றிக் கறியை எதிர் ஓரத்துல வைங்க. கொழுப்பு நேரா தணல்ல சொட்டக் கூடாது. 2 கிலோ தோள்பட்டைக் கறிக்கு, முஷ்டி அளவு கொய்யாக் கட்டை ரெண்டு, மூணு போதும். உள்ளே 110 முதல் 120 டிகிரி. கறியோட நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட்டு 3 நிமிஷம் ஆறினாலே சாப்பிடலாம். தோள்பட்டைக் கறி பிச்செடுக்கிற பதத்துக்கு வரணும்னா 90-ஐத் தாண்டணும், பல மணி நேரம் ஆகும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிடுங்க. மேல் நிறத்தைப் பார்த்து வெந்துடுச்சுன்னு நம்பாதீங்க, நாடாப்புழு விஷயத்துல விளையாட்டு கூடாது.

கொனோமாவுலயும் பரண் கறியை அப்படியே சாப்பிடலை. கழுவி, மூங்கில் குருத்தும் ராஜா மிர்ச்சாவும் போட்டு நல்லா வேகவெச்சுத்தான் பரிமாறினாங்க. அவங்களை மாதிரி நாள்கணக்கா தொங்கவிடுற வேலையும் நமக்கு வேண்டாம். நம்ம ஊர் சூட்டுக்கும் புழுக்கத்துக்கும் கறி கெட்டுடும். புகை போட்ட அன்னிக்கே சாப்பிட்டு முடிங்க. அதே மாதிரி, ரூமுக்குள்ள கரி அடுப்பு கூடவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. திறந்த வெளிதான் ஒரே சாய்ஸ்.

கவாத்து சீஸன்ல தெரிஞ்சவங்க கொய்யாத் தோப்புல சொல்லிவெச்சு, ஒரு கட்டு கிளையை இப்பவே நிழல்ல போட்டுடுங்க. அது காஞ்சு முடியறதுக்குள்ள ஒரு செமஸ்டர் ஓடிடும். அதுக்குள்ள பெர்மிட் அப்ளை பண்ணி, கொனோமாவையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமே!