வெம்மையும் வீடும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தோர்க்கு வீட்டை வெப்பமாக்கல் விளங்காததொரு செயல். மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்றின் வெம்மையைத் தணிப்பதே நம்மவர் கவலை. கிடுகுக் கூரையும் அகன்ற திண்ணையும் அதற்குதவின.

இலண்டனில் தமையனார் வீட்டிற் குடியேறிய எம் அன்னையாரோ, பகலெல்லாம் போர்வைக்குள் நடுங்கியிருந்தார். சுவரிலிருந்த வெப்பச் சீராக்கியைத் தொட அஞ்சினார். கொதிகலன் நீரைச் சூடாக்குகின்றது. பம்பி அதனைக் குழாய்வழி அறைதோறும் செலுத்துகின்றது. குறித்த வெப்பநிலை எய்தியதும் சீராக்கி கொதிகலனை நிறுத்துகின்றது. ஆகவே, 20 பாகை வேண்டுமிடத்து 30இற்குத் திருப்பினும் அறை விரைந்து சூடேறாது. எரிவாயுச் செலவே ஏறும். இதனைத் தொலைபேசியில் யான் விளக்கியபோது, "சோறு கொதிச்சா விறக இழுக்கிறதுதானே, மனே?" என்றார். அன்றுமுதல் அவ்வீட்டை அவர் 'எங்கட வீடு' என்றே குறிப்பிடலானார்.