சின்ன தேசங்களின் பந்தாட்டம்

உலகத்தில் உள்ள தேசங்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று என் வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் இருபது முப்பது பெயர்களைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவற்றுள் பாதி கிரிக்கெட் ஆடுகிற தேசங்கள். மீதிப் பாதி கால்பந்தில் பேர் வாங்கிய தேசங்கள். பூகோளப் புத்தகத்தைக் காட்டிலும் பந்துதான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உலகப் படத்தைக் கற்றுக் கொடுக்கிறது. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. பந்தயத்தில் ஜயிக்காத தேசங்கள் படத்திலிருந்தே மறைந்து போகின்றனவே என்பதுதான் என் குறை.

ஆகையால்தான் 2010-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் சிங்கப்பூரில் நடந்த ஒரு பந்தாட்டத்தைப் பற்றி வருஷந்தோறும் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். அந்த வருஷம்தான் இளைஞர் ஒலிம்பிக் என்ற புதிய விழா முதன் முதலாக நடந்தது. பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சுமார் 3,600 பேர் வந்து கூடினார்கள். கால்பந்து ஆட வந்தவர்களோ பதினைந்து வயதைத் தாண்டாத சிறுவர்கள். ஆண் பிள்ளைகளின் பந்தயத்துக்கு ஆறே ஆறு கோஷ்டிகள். ஒரு கண்டத்துக்கு ஒன்று என்று கணக்கு. பொலிவியா, ஹெய்ட்டி, மாண்டினீக்ரோ, வனுவாட்டு, ஜிம்பாப்வே, விருந்து வைத்த சிங்கப்பூர். பிரேஸில் இல்லை, ஜெர்மனி இல்லை, இத்தாலி இல்லை. கால்பந்து உலகத்தின் ஜமீன்தார்களில் ஒருவருக்கும் இலை போடவில்லை!

சரித்திரம் கற்பிக்கிற எனக்கு இந்த ஜாபிதா பெரு விருந்தாக இருந்தது. ஆறும் பிறர் ஆட்சியிலோ, பெரிய கூட்டாட்சியிலோ இருந்து பிரிந்து வந்த தேசங்கள். ஜிம்பாப்வேயும் வனுவாட்டுவும் விடுதலை பெற்றது 1980-ல். வனுவாட்டுவை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கூட்டாக ஆண்டார்கள். ஒரே தீவில் இரண்டு போலீஸ், இரண்டு சட்டம். ஒரு மாமியாருக்கே தாங்காத மருமகளுக்கு இரண்டு மாமியார் வாய்த்த கதைதான். மாண்டினீக்ரோ ஸெர்பியாவிடமிருந்து பிரிந்தது 2006-ல். அதாவது ஆட வந்த சிறுவர்கள் தங்கள் தேசத்தைக் காட்டிலும் மூத்தவர்கள். பொலிவியாவோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலி தேசத்துடன் நடந்த யுத்தத்தில் தன் கடற்கரை முழுவதையும் பறிகொடுத்தது. கடலில்லாத அந்த தேசம் கடற்படையை மட்டும் இன்னும் கலைக்கவில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கிற பையன்களை நான் அடக்குவதில்லை. ஆனால் இழந்ததை மறக்க மாட்டோம் என்பதற்கு அது ஓர் அடையாளம் என்று மட்டும் சேர்த்துச் சொல்வேன்.

ஹெய்ட்டியைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். அடிமைகளாக இருந்தவர்கள் ஆயுதமெடுத்துப் போராடி, 1804-ல் ஸ்தாபித்த சுதந்திர தேசம் அது. அதற்கு அவர்கள் பெற்ற பரிசு என்ன தெரியுமா? 1825-ல் பிரெஞ்சு அரசன் போர்க் கப்பல்களை அனுப்பி, அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த எஜமானர்களுக்கு நஷ்ட ஈடாகப் பதினைந்து கோடி பிராங்கு கொடு என்றான். பிறகு அது ஒன்பது கோடியாகக் குறைந்தது. அந்தப் பணத்தைக் கட்ட வாங்கிய கடன் முற்றும் தீர்ந்தது 1947-ல். நம் நாட்டில் கொடி ஏறிய அதே வருஷம்.

அப்படிப்பட்ட தேசத்தில்தான் 2010 ஜனவரி 12-ம் தேதி பூகம்பம் நேர்ந்தது. தலைநகரமான போர்த்தோபிரான்ஸில் கால்பந்துச் சங்கத்தின் கட்டடமே இடிந்து விழுந்தது. நிர்வாகிகள், பயிற்சியாளர்கள் பலர் மாண்டார்கள். பந்தாடும் பெரிய மைதானத்தில் வீடிழந்த ஜனங்கள் கூடாரமடித்துக் குடியிருந்தார்கள். அந்த மைதானத்துக்கு ஸில்வியோ காத்தோர் என்று பெயர். அவர் 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நீளத் தாண்டுதலில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர், கால்பந்தும் ஆடியவர்.

ஏழு மாதம் கழித்து அந்த ஊர்ப் பிள்ளைகள் சிங்கப்பூர் வந்தார்கள். ஆட்டங்கள் நடந்த ஜலான் புசார் மைதானம் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்த மைதானத்துக்கும் ஒரு துயரக் கதை உண்டு. 1942-ல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது, சீன ஆடவர்களை நிறுத்தி விசாரித்துப் பொறுக்கியெடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. பொறுக்கியெடுக்கப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை.

அரை இறுதியில் ஹெய்ட்டிச் சிறுவர்கள் சிங்கப்பூரைத் தோற்கடித்தார்கள். உள்ளூர் ஜனங்கள் திரண்டு வந்து கோஷம் போடும் மைதானத்தில், உள்ளூர் கோஷ்டியை ஜயிப்பது லேசான காரியமல்ல. ஆகஸ்டு 25-ம் தேதி இறுதி ஆட்டம். அதில் பொலிவியா ஐந்து கோல் போட்டது. ஹெய்ட்டி ஒன்றும் போடவில்லை. சிங்கப்பூருக்கு வெண்கலம். பொலிவியா மூத்தவர்களின் ஒலிம்பிக்கில், 2024-ல் நடந்த பாரிஸ் விழா முடிய, ஒரு பதக்கமும் கண்டதில்லை. அந்த தேசத்துக்குத் தங்கம் கொண்டு வந்தவர்கள் இந்தப் பதினைந்து வயதுப் பையன்கள்!

ஹெய்ட்டியைப் பற்றி அப்போது எழுதியவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் இரக்கத்தோடு சொன்னார்கள். 'ஐயோ பாவம், இந்த நிலையிலும் வந்தார்களே!' என்கிற தோரணை. அது எனக்குச் சம்மதமில்லை. பாவம் என்று சொல்லித் தலையைத் தடவினால் பையன் குன்றிப் போவான்; ஐந்து கோல் ஏன் வாங்கினாய் என்று கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்லுவான். பொலிவியச் சிறுவர்கள் இரக்கப்பட்டு இரண்டு கோலோடு நிறுத்திக் கொள்ளவில்லை. எதிரே நின்றவர்களைச் சமமான ஆட்டக்காரர்களாக மதித்து, கடைசி வரையில் ஆடினார்கள். அன்று மைதானத்தில் ஹெய்ட்டிக்கு நடந்த உண்மையான மரியாதை அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சீன தேசத்தின் நான்ஜிங் நகரில் 2014-ல் மறுபடி ஆறு கோஷ்டிகள் ஆடின. பெரு தங்கம் பெற்றது. 2018-ல் போனஸ் அயர்ஸில் இந்த ஆட்டத்தை எடுத்துவிட்டு, கூரைக்குக் கீழே பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் பந்தாட்டத்தை வைத்தார்கள். அதில் ஆண் பிள்ளைகளின் தங்கத்தைப் பிரேஸில் வாங்கிக் கொண்டது. ஜமீன்தார் பந்திக்குத் திரும்பிவிட்டார்! செலவு, இட வசதி என்று காரணங்கள் இருக்கலாம். எனக்கு என்னவோ மனம் ஒப்பவில்லை.

ஹெய்ட்டியின் பெரியவர்கள் கோஷ்டி 1974-க்குப் பிறகு உலகக் கோப்பைப் பக்கமே போனதில்லை. 2025 நவம்பர் 18-ம் தேதி நிகராகுவாவை இரண்டு கோல் கணக்கில் ஜயித்து, 2026-ம் வருஷத்துக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 1803-ல் அதே தேதியில்தான் அவர்களுடைய முன்னோர்கள் வெர்த்தியேர் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படையை முறியடித்தார்கள். ஊரில் ஆயுதக் கும்பல்களின் அட்டகாசம் மிகுந்திருந்தபடியால் அந்தப் பந்தயத்தைச் சொந்த மண்ணில் நடத்த முடியவில்லை. கடல் கடந்து குராசோ தீவில் ஆடினார்கள். செய்தி வந்ததும் போர்த்தோபிரான்ஸில் ஜனங்கள் தெருவுக்கு வந்து கூத்தாடினார்கள்.