தோல் கழன்ற பரிசல்

ஆம்பூர்க்காரன் படகைப் பற்றி எழுதுவதே வேடிக்கைதான். பாலாறு ஊரை ஒட்டிப் போகிறது என்று பேர். கண்ணில் படுவது பெரும்பாலும் மணல். 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் ஓடியது உண்டு. எங்களுக்குத் தெரிந்தது தோல். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, எங்கே பஸ்ஸை விட்டு இறங்கினாலும் மூக்குக்கே ஊர் தெரிந்துவிடும்.

ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலத்தைப் பார்த்த முதியவர் ஒருவர், “காவேரியில போற பரிசலுக்கே எருமைத் தோல்தான் தம்பி போர்த்துவாங்க” என்றார். அந்தப் பேச்சுதான் என்னை கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அருவியை ஒட்டிய ஊட்டமலையில் வீட்டு வாசலிலேயே வேலை நடந்துகொண்டிருந்தது. பிளந்த மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தரையில் பரப்பி, நடுவில் கல்லை ஏற்றி வைத்திருந்தார் பரிசல்காரர். அடிப்பகுதி அங்கிருந்துதான் விரிகிறது. குதிகாலால் ஒரு பிளாச்சை மிதித்துக்கொண்டு அடுத்ததை இழுத்துச் செருகுகிறார். சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மேலே வளைத்துப் பின்னினால் விளிம்பு எழும்புகிறது. ஆணி ஒன்றுகூடக் கிடையாது. “சுத்துப்பக்கம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் ஓடிடும் சார். அடி மட்டும் நெருங்கி விழணும். பாறையில இடிக்கிறது அதுதானே?” பலகைப் படகு அந்தப் பாறையில் மோதினால் விரிசல் விடும். மூங்கில் வளைந்து கொடுத்து நழுவிவிடுகிறது. ஏழடி அகலப் பரிசலை ஒரே நாளில் முடித்துவிடுவார்களாம்.

போர்வைதான் மாறிவிட்டது. எருமைத் தோல் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் சாக்கு, அதன் மேல் தார். தகர டின்னில் தார் கொதிக்க, துணி சுற்றிய குச்சியால் அள்ளி அள்ளிப் பூசினார். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தோல் தண்ணீரில் ஊறிக்கொண்டே கிடந்தால் அழுகும். ஒவ்வொரு முறையும் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். அதுவும் ஷூ கம்பெனிகளோடு போட்டி போட்டு எந்தப் பரிசல்காரர் தோல் வாங்க முடியும்? தார் உரிந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டோமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் கூடை போன்ற வட்டப் படகுகளைப் பார்த்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேரை ஏற்றும். நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும் என்று எழுதி வைத்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், உலக நீர்வழிப் போக்குவரத்து பற்றி 1946-இல் வந்த நூலில் பரிசலையும் விடவில்லை. தார் பூசுவதும் புதிதல்ல: பாக்தாத்தில் டைகிரிஸ் நதியில் ஓடிய வட்டப் படகான குஃபாவுக்கும் தார் பூச்சுதான்.

பரிசல் சுற்றுவதைப் பாயஸ் குறையாகத்தான் பார்த்தார் போலிருக்கிறது. ஒகேனக்கல்லில் அதுவே விற்பனைச் சரக்கு. துடுப்பு ஒன்றே ஒன்று. முன்னால் உட்கார்ந்து தண்ணீரைத் தன் பக்கம் வாரினால் நேராகப் போகிறது. ஒரே பக்கமாகத் தள்ளினால் பம்பரம்தான். லைஃப் ஜாக்கெட் மாட்டிய பிள்ளைகள், “இன்னொரு தடவை அண்ணா” என்று கத்துகிறார்கள். அண்ணாவுக்குத் தோள்பட்டை என்ன ஆகும் என்பதை யாரும் கேட்பதில்லை. நானும் பரிசலை விட்டு இறங்கிய பிறகுதான் கேட்டேன். “ராத்திரிக்குத் தெரியும் சார்” என்று சிரித்தார்.

வாசலில் இரண்டடி அகலத்தில் குட்டிப் பரிசல் இரண்டு கிடந்தன. ஏதோ ஓட்டல் சுவரில் மாட்டக் கேட்டிருக்கிறார்களாம். தார் வேண்டாம், சுவரில் ஒட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீரையே பார்க்கப் போகாத அந்தப் பொம்மைக்கும் அடியை அதே நெருக்கத்தில் பின்னியிருந்தார். காசு கம்மிதான், ஆனால் ஆறு பெருகும் மாதங்களில் கைக்கு வருவது அதுதான்.

கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால், எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும். மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். செய்தித்தாளில் அது இரண்டு வரிச் செய்தி. இங்கே ஓட்டாத நாளுக்குக் கூலி கிடையாது. தடை எத்தனை நாள் நீளும் என்பது அந்த அணைகளுக்கு மேலே பெய்யும் மழையைப் பொறுத்தது. அதனால் இவர்கள் டிவியில் முதலில் பார்ப்பது காவிரி பிறக்கும் குடகின் வானிலை.